தன்னைச் சுட்டும் வரையறை: நுண்கணிதத்தில் ஒரு நோக்கு

தோற்றுவாய்

ஈரோட்டைத் தழுவி வரும் காவிரி, தெற்கு நோக்கிச் சற்றுத் தொலைவு நடந்து ஜேடர்பாளையத்தை அடைகிறது. அங்குள்ள அணைக்கட்டிலிருந்து பிரிவது இராஜவாய்க்கால். அதனை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்று அவ்வட்டார மக்கள் இன்றும் நன்றியுடன் போற்றுவர். வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் அவ்வாய்க்காலால் வாழ்கின்றன. எம் தமக்கையார் மணம் முடித்துச் சென்ற ஊர் அதுவாதலின், விடுமுறை நாள்களில் நாம் அங்குச் சென்று தங்குவது வழக்கம்.

தமிழ் பயிற்றுவிக்கும் நாம் கணிதம் பற்றி எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அது எம் பிழையிலிருந்து பிறந்தது. எம் தமக்கையார் மகள் மேல்நிலை இரண்டாம் ஆண்டினைத் தமிழ்வழியில் பயின்றுகொண்டிருந்த காலம். ஒருநாள் மாலை தன் கணிதக் குறிப்பேட்டை ஏந்தி வந்து, “மாமா, ஒன்றை விளக்குவதற்கு அதே ஒன்றை எடுத்துக் கூறினால் அது குற்றம் என்று சொல்வீர்களே! இங்கே அப்படித்தானே எழுதியிருக்கிறது?” என்று வினவினாள். ஒரு தொகையைக் காண்பதற்கு அதே வகையைச் சார்ந்த இன்னொரு தொகையைச் சுட்டும் வாய்பாடு அந்த ஏட்டில் இருந்தது. நாம் தருக்க நூல் கற்ற மிடுக்கில், தன்னைப் பற்றல், ஒன்றினையொன்று பற்றல், வரம்பின்றி ஓடல் என்னும் குற்றங்களை விரித்துரைத்து, “ஆம் அம்மா, இது வரையறையன்று, வட்டம் சுற்றுதல்” என்று தீர்ப்பு வழங்கினோம். பொதுத்தேர்வில் அவ்வாய்பாட்டைச் சார்ந்த வினா வந்ததாம். குற்றமுடையது என்று மாமா கூறியதை எண்ணி, அவள் அதனைத் தொடாமலே விட்டுவிட்டாள். இச்செய்தியைப் பல திங்கள் கழித்து, யாரையும் குறை கூறாத இயல்பான குரலில், பேச்சுக்கிடையே சொன்னாள். அக்குரல்தான் எம்மை வருத்தியது. அதன்பின்னர்த்தான் நாம் கணித நூல்களைப் புரட்டலானோம்.

வாய்க்கால் என்பது யாது?

குற்றமுள்ள வரையறைக்கும் குற்றமற்ற வரையறைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை எமக்கு முதலில் உணர்த்தியது அந்த இராஜவாய்க்காலே எனலாம். ‘வாய்க்கால் என்பது வாய்க்காலிலிருந்து பிரிவது’ என்று ஒருவர் கூறினால் அது வட்டம் சுற்றுதலே. அதனைக் கொண்டு எந்தக் கால்வாயையும் அறிய இயலாது. ஆனால், ‘ஆற்றின் அணைக்கட்டிலிருந்து நேரே பிரிவது வாய்க்கால், வாய்க்காலிலிருந்து பிரிவதும் வாய்க்கால்’ என்று இரு கூறாகச் சொல்லிப் பாருங்கள். வயலோரத்தில் முழங்கால் அகலமே உள்ள ஒரு நீரோட்டத்தைக் கண்டு, இது வாய்க்கால்தானா என ஐயுற்றால், அது எதிலிருந்து பிரிகிறது என்று நோக்குவோம். அது மற்றொன்றிலிருந்து, அம்மற்றொன்று வேறொன்றிலிருந்து என மேலேறிச் சென்றால், எண்ணத்தக்க சில படிகளில் அணைக்கட்டை அடைந்துவிடுவோம். அங்கு ஐயம் முடிகிறது. அணைக்கட்டு என்னும் முதல் நிலையும், ஒவ்வொரு படியிலும் அதனை நெருங்குதலும் ஆகிய இரண்டும் இருப்பின், தன்னைச் சுட்டுதல் குற்றமாகாது. இவ்விரண்டில் ஒன்று இல்லையெனினும் தருக்க நூலார் கூறிய குற்றம் வந்துசேரும். முதல் நிலை இல்லாதபோது வரம்பின்றி ஓடும். நெருங்குதல் இல்லாதபோது நின்ற இடத்திலேயே சுழலும்.

இத்தகைய வரையறைக்குத் தமிழில் என்ன பெயர் இடுவது என்பது தனி வழக்கு. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் ‘தற்சுழற்சி’ என்னும் சொல்லை ஆள்கிறது. ஆக்கியோர் முயற்சியைக் குறைத்து மதிப்பிடுதல் எம் கருத்தன்று. எனினும் அச்சொல் பம்பரத்தை நினைவூட்டுகிறதேயன்றிப் படிக்கட்டை நினைவூட்டவில்லை. இங்கு நிகழ்வது படிப்படியாக முதல் நிலைவரை இறங்கி, விடையுடன் மேலே மீளுதல். ஆதலின் ‘மீள்வரையறை’ என்னும் சொல்லை இக்கட்டுரையில் ஆள்கிறோம். கற்போர்க்குத் தெளிவு தருமாயின் எச்சொல்லும் ஏற்புடையதே.

யாப்பில் மீள்வரையறை

தமிழ் மாணாக்கர் இம்முறைக்குப் புதியவர் அல்லர். நேர், நிரை என அசை இரண்டு. ஓரசைச்சீர் இரண்டு. அவை ஒவ்வொன்றின் இறுதியிலும் நேரோ நிரையோ சேர்க்க ஈரசைச்சீர் நான்கு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். இந்நான்கின் இறுதியில் நேர் சேர்ந்தால் காய்ச்சீர் நான்கு, நிரை சேர்ந்தால் கனிச்சீர் நான்கு, ஆக மூவசைச்சீர் எட்டு. நாலசைச்சீர் பதினாறு. மொத்தம் முப்பது சீர்களையும் தனித்தனியே மனனம் செய்வார் உளரோ? ‘முன்னைய சீரோடு ஓர் அசை’ என்பதே விதி. தேமாங்காய் என்னும் பெயரே தேமாவை உள்ளடக்கி நிற்கிறது. வாய்பாட்டுப் பெயரிலேயே மீள்வரையறையைப் பொதிந்து வைத்த நம் யாப்பியலாரின் திறம் வியக்கற்பாலது.

வடமொழி யாப்பில் இது வேறொரு வகையில் எழுந்தது. குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, நெட்டெழுத்துக்கு இரண்டு மாத்திரை எனக் கொண்டு, குறித்த மாத்திரையளவை எத்தனை வகையாக நிரப்பலாம் என்பது வினா. ஈற்றில் குறில் நின்றால் எஞ்சியது ஒரு மாத்திரை குறைவு. நெடில் நின்றால் எஞ்சியது இரு மாத்திரை குறைவு. ஆகவே முந்தைய இரண்டு எண்களையும் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும்: 1, 2, 3, 5, 8, 13. விரகாங்கரும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஏமசந்திரரும் இதனைக் கூறியுள்ளனர். இத்தாலியரான ஃபிபனாசி இவ்வெண்களைத் தம் நூலில் எழுதியது 1202-இல். இங்கே முதல் நிலை ஒன்றன்று, இரண்டு என்பதை வாசகர் மனத்தில் இருத்துக. ‘ஒரு மாத்திரைக்கு 1 வகை’, ‘இரு மாத்திரைக்கு 2 வகை’ எனும் இரண்டையும் தந்தாலன்றி இவ்விதி நகராது. இக்குறிப்பு பின்னர்ப் பயன்படும்.

வகையிடலில்

இனி நுண்கணிதத்துக்கு வருவோம். வகையிடல் பகுதியில் ‘மூன்றாம் வரிசை வகைக்கெழு’ முதலிய தொடர்கள் வருகின்றன. மூன்றாம் வரிசை என்பது இரண்டாம் வரிசை வகைக்கெழுவின் வகைக்கெழு. இரண்டாம் வரிசை என்பது முதலாவதன் வகைக்கெழு. ஒரு முறையும் வகையிடாத நிலையில் இருப்பது சார்பு தானே. மாணவர் இதனை ஐயமின்றி ஏற்கின்றனர். இங்கும் வகைக்கெழுவைக் கொண்டே வகைக்கெழு வரையறுக்கப்படுகிறது என்பதை எவரும் எடுத்துக்காட்டாமையின், ஐயம் எழவில்லை போலும்!

ய என்பது மாறி. அதன் வகைக்கெழு 1. ய² என்பதன் வகைக்கெழு 2ய என்றும், ய³ என்பதன் வகைக்கெழு 3ய² என்றும் மாணவர் ஒப்பிப்பர். ஏன் என்று கேட்டால் பலர் மௌனம் சாதிப்பர். பெருக்கல் விதி ஒன்றே போதும். ய³ என்பது ய × ய². ஆகவே அதன் வகைக்கெழு, 1 × ய² என்பதும் ய × 2ய என்பதும் சேர்ந்த 3ய². அவ்வாறே ய⁴ என்பது ய × ய³. அதன் வகைக்கெழு ய³ என்பதோடு ய × 3ய² சேர்ந்த 4ய³. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் விடை உதவிக்கு வர, ஒன்று மட்டுமே கூடுகிறது. நூறாம் அடுக்குக்கும் இதுவே வழி. இவ்வாறு கண்டவன் விதியை மறந்தாலும் மீண்டும் ஆக்கிக்கொள்வான். மனனம் மட்டும் செய்தவன் மறந்தால் இழந்தவனே.

தொகையிடலில்

எம் தமக்கையார் மகள் காட்டிய வாய்பாடு சைன் சார்பின் அடுக்குகளைப் பூச்சியத்திலிருந்து ஒரு செங்கோண அளவுவரை தொகையிடுவது பற்றியது. சைனின் ஐந்தாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். அதனை நான்காம் அடுக்கு × ஒன்றாம் அடுக்கு எனப் பிரித்துப் பகுதித் தொகையிடல் முறையைக் கையாண்டால் கிடைப்பது இது:

ஐந்தாம் தொகை = 4 × (மூன்றாம் தொகை − ஐந்தாம் தொகை)

அவள் மருண்டது இவ்விடத்தில்தான். இடப்பக்கம் இருப்பதே வலப்பக்கமும் நிற்கிறது. காண வேண்டியதையே கருவியாகக் கொள்வதோ? கொள்ளலாம். ஏனெனில் வலப்பக்கத்து ஐந்தாம் தொகையை இடப்பக்கம் கொணர்ந்தால், 5 × ஐந்தாம் தொகை = 4 × மூன்றாம் தொகை என்றாகிறது. ஐந்தாவது, மூன்றாவதின் 4/5 பங்கு. அவ்வாறே மூன்றாவது, முதலாவதின் 2/3 பங்கு. முதலாவதின் மதிப்பு 1 என்பது நேரே கண்டறியத்தக்கது. ஆக ஐந்தாம் தொகை 4/5 × 2/3 × 1 = 8/15. இறங்கினோம், மீண்டோம்.

ஆறாம் அடுக்கைக் கேட்டால்? ஆறு நான்கிற்கும், நான்கு இரண்டிற்கும், இரண்டு பூச்சியத்திற்கும் இறங்கும். பூச்சிய அடுக்கு எங்கும் 1 ஆதலின் அதன் தொகை அவ்விடைவெளியின் நீளமாகிய பை/2. எனவே விடை 5/6 × 3/4 × 1/2 × பை/2, அதாவது 5பை/32. ஒற்றைப்படை அடுக்குகளுக்கு ஒரு படிக்கட்டு, இரட்டைப்படை அடுக்குகளுக்கு வேறொரு படிக்கட்டு, அடித்தளமும் இரண்டு. மாத்திரைக் கணக்கில் கண்டதுபோல் இரண்டு இரண்டாக இறங்கும் விதிக்கு முதல் நிலையும் இரண்டு வேண்டும். ஒற்றைப்படை அடுக்கிற்குப் பை/2 பெருக்கி மதிப்பெண் இழக்கும் மாணவர், வாய்பாட்டை மறந்தவரல்லர். எந்தப் படிக்கட்டில் இறங்குகிறோம் என்பதைக் காணத் தவறியவரே.

பஸ்ராவிலிருந்து ஒரு வழி

இவ்வகை இறங்குமுறை, தொகை நுண்கணிதம் என்னும் பெயர் தோன்றுமுன்னரே வழக்கிலிருந்தது. ஏறத்தாழ 965-இல் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் மறைந்த இப்னுல் ஹைதம், ஒளியியல் நூலால் உலகப் புகழ் பெற்றவர். அவர் தம் மற்றோர் ஆய்வில் பரவளையத்தைச் சுழற்றிப் பெறும் திண்மத்தின் கனஅளவைக் காண முயன்றார். அதற்கு எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்ட வேண்டியிருந்தது. நேரே கூட்டும் வழி அவர்முன் இல்லை. அவர் செய்தது யாதெனின், ஓர் அடுக்கின் கூட்டுத்தொகையை அதற்குக் கீழுள்ள அடுக்கின் கூட்டுத்தொகைகளால் உரைத்தமையாகும்.

சிறு எடுத்துக்காட்டால் விளக்குவோம். 1, 2, 3, 4 என்பவற்றின் கூட்டுத்தொகை 10. அதனை அடுத்த எண்ணாகிய 5 கொண்டு பெருக்க 50. இனி இந்நான்கின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 + 4 + 9 + 16 = 30. படிப்படியான கூட்டுத்தொகைகளாகிய 1, 3, 6, 10 என்பவற்றைக் கூட்டினால் 20. முப்பதும் இருபதும் சேர்ந்து ஐம்பது. 10 அலகு நீளமும் 5 அலகு உயரமும் உள்ள ஒரு செவ்வகத்தைத் துண்டுகளாக வகிர்ந்து பார்த்தால், இவ்வொப்புமை எந்த எண் வரிசைக்கும் பொருந்துவது கண்ணுக்குப் புலனாகும். ஆகவே எண்களின் கூட்டல் தெரிந்தால் வர்க்கங்களின் கூட்டல் தெரியும். அதிலிருந்து மூன்றாம் அடுக்கு. அதிலிருந்து நான்காம் அடுக்கு.

இவ்வாறு முயன்று அவர் கண்ட முடிபு: பரவளையத்தை அதன் அச்சுக்குச் செங்குத்தான கோட்டைப் பற்றிச் சுழற்றினால் வரும் திண்மம், அதனைச் சூழ்ந்த உருளையில் 8/15 பங்கு.

8/15! சற்று முன் சைனின் ஐந்தாம் அடுக்கில் நாம் பெற்ற விடையும் அதுவே அன்றோ? தற்செயல் ஒப்புமை என்றே முதலில் எண்ணினோம். கணிதத்துறை நண்பர் ஒருவர் எம் ஐயத்தைத் தீர்த்தார். அத்திண்மத்தின் குறுக்குவெட்டு ஆரம் 1 − ய². அதன் வர்க்கத்தை 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். ய என்பதற்கு ஒரு கோணத்தின் சைனைப் பதிலிட்டால் 1 − ய² என்பது கொசைனின் வர்க்கமாகும். அதன் வர்க்கம் கொசைனின் நான்காம் அடுக்கு. மாறியை மாற்றியதால் மேலும் ஒரு கொசைன் வந்து பெருகும். ஆக மொத்தம் ஐந்தாம் அடுக்கு. ஒரு செங்கோண அளவுக்குள் சைனும் கொசைனும் ஒரே தொகை தருவன. அன்று அப்பேரறிஞர் நான்காம் அடுக்குவரை ஏறிக் கண்ட எண்ணை, இன்று மேல்நிலை மாணவி ஒருத்தி இரண்டே படி இறங்கிப் பெறுகிறாள். அந்த எண்ணைத்தான் அவள் எம் சொல்லை நம்பிக் கைவிட்டாள்.

கேரளத்தாரையும் இங்கு மறத்தலாகாது. சங்கமக்கிராமத்து மாதவர் வழிவந்த கணிதர்கள் கூட்டுத்தொகைகளின் கூட்டுத்தொகை, அவற்றின் கூட்டுத்தொகை என அடுக்கிச் சென்று சைன் முதலியவற்றுக்கு முடிவிலாத் தொடர்களைக் கண்டனர். அம்முறைகளைக் காரணங்களோடு விளக்கும் யுக்திபாஷை என்னும் நூலைச் சேட்டதேவர் பதினாறாம் நூற்றாண்டில் வடமொழியில் எழுதாது மலையாள உரைநடையில் எழுதினார். தாய்மொழியில் உயர்கணிதம் கூறலாகுமா என்று இன்றும் வினவுவோர் இச்செய்தியை அறிதல் நலம்.

முதல் நிலை இல்லாத இடம்

இதுகாறும் கண்டவை யாவும் கீழே அடித்தளம் உடையவை. அடித்தளமே இன்றி முன்னோக்கி ஓடிக்கொண்டேயிருக்கும் வரையறை ஒன்றுண்டு. ஜேடர்பாளையத்திற்கு மேற்புறம் காவிரிக் கரையிலுள்ள ஈரோட்டில் 1887 திசம்பர் 22-ஆம் நாள் பிறந்த சீனிவாச இராமானுசன், 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் ஒரு வினாவை விடுத்தார். 1-உடன் 2 மடங்கு ஒரு மூலத்தைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். அந்த உள்மூலத்துக்குள் 1-உடன் 3 மடங்கு மற்றொரு மூலம். அதற்குள் 1-உடன் 4 மடங்கு. இப்படியே முடிவின்றிச் சென்றால் மதிப்பு யாது? ஆறு திங்களாகியும் எவரும் விடை தராமையின் அவரே தந்தார்: 3.

3 என்பது 9-இன் மூலம்; 9 = 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-இன் மூலம்; 16 = 1 + 3 × 5. அந்த 5 என்பது 25-இன் மூலம்; 25 = 1 + 4 × 6. விரிக்க விரிக்கச் செல்லும்.

இதனை எம் தமக்கையார் மகளுக்கு ஒரு விடுமுறையில் பெருமிதத்தோடு விளக்கினோம். அவள் அப்போது கணிதத்தில் இளநிலைப் பட்டம் பயின்றுகொண்டிருந்தாள். கேட்டு முடித்தவள், “மாமா, இதே வழியில் 4 என்றும் காட்டலாமே?” என்றாள். தாளில் எழுதியும் காட்டினாள். 4 என்பது 16-இன் மூலம்; 16 = 1 + 2 × 7.5. அந்த 7.5 என்பது 56.25-இன் மூலம், 56.25 = 1 + 3 × 18.416… இதுவும் முடிவின்றி விரியும். அப்படியாயின் விடை மூன்றா, நான்கா? இம்முறை நாம் தீர்ப்பு வழங்கவில்லை. இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம்.

இவ்விடத்தில்தான் நுண்கணிதத்தின் உயிராகிய எல்லை என்னும் கருத்து துணை வருகிறது. முடிவிலாக் கோவையை ஒவ்வொரு படியில் வெட்டி நிறுத்தி, அவ்வவ் வேளையில் கிடைக்கும் எண்களை நோக்க வேண்டும். முதலில் 1. பின்னர் 1.732, 2.236, 2.560, 2.755. வளர்கின்றன, ஆயினும் மூன்றைத் தாண்டவில்லை. வெட்டிய இடத்தில் மெய்யான வால் இருக்க வேண்டிய இடத்தில் 1 நிற்கிறது. அதனால் எழும் பிழை எத்தனை மடங்கோ, ஒவ்வொரு மூலத்தினூடும் வெளியே வரும்போது அம்மடங்கின் வர்க்கமூலத்துக்குமேல் அது எஞ்சாது. இராமானுசன் வழியில் வால்கள் 4, 5, 6, 7 என மெல்ல வளர்வன. மூலங்களோ அடுத்தடுத்துச் சுருக்குவன. ஆகவே பிழை மடங்கு ஒன்றை நெருங்க, மதிப்பு மூன்றை நெருங்குகிறது. நான்கின் வழியில் வால்கள் 7.5, 18.4, 84.5, 1429 எனத் தாவித் தாவி வளர்கின்றன. எத்தனை மூலமெடுத்தும் அவ்வளர்ச்சியை அடக்க இயலாது. வெட்டிக் கிடைக்கும் எண்களோ அதே எண்கள்தாம். அவை நான்கை நோக்கிச் செல்வதில்லை.

அடித்தளம் இல்லாத இடத்தில் எல்லை அதன் கடமையை ஆற்றுகிறது. வரம்பின்றி ஓடல் குற்றமே என்று அன்று நாம் கூறியதற்கு, ஓடியும் ஓரிடத்தை நெருங்குமாயின் குற்றமில்லை என்னும் திருத்தம் இவ்வாறு கிடைத்தது.

மறுநாள் நாம் ஊருக்குப் புறப்படும் வேளையில் அவள் ஒரு துண்டுத்தாளை எம் கையில் தந்தாள். அடுத்த படியை இரவே கணித்திருக்கிறாள்: 2.867.